இமோவின் தோள்மீது விழாத மனிதர்

என் அக்கா சலுத்தின் கணவர் பெயர் ஃபெலிசிமோ. எங்கள் கடலோர ஊரான லெமெரியில் எல்லோருக்கும் அவர் குயா இமோ. மூத்த ஆண்களை நாங்கள் குயா என்போம், மூத்த பெண்களை ஆத்தே என்போம். அதற்கு ஒரு தகுதியும் வேண்டியதில்லை, முன்னால் பிறந்திருந்தால் போதும். இங்கே நான் அவரை 'அவர்' என்று எழுதுவதும் அதே முறையில்தான். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இளமையில் அவர் கூடைப்பந்து ஆடினார். கடலோரக் கிராமங்களுக்கு இடையே நடக்கும் போட்டியில் ஒருமுறை இறுதி ஆட்டம்வரை போன அணியில் இருந்தார். அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் நடந்ததெல்லாம் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசியதுதான். பக்கவாட்டில் நின்று, வலது கையைத் தலைக்கு மேலே வில் மாதிரி வளைத்து, பந்தைப் பார்க்காமலேயே கூடைக்குள் விடுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மாலை நேரப் பயிற்சியில் அதைப் பார்த்துத்தான் என் அக்கா மயங்கினாள். கையை மட்டும் கட்டிக்கொள்ள முடியாதே, மிச்ச ஆளும் கூடவே வந்து சேர்ந்தது.

சந்தைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு லோமிக் கடை. தடித்த நூடுல்ஸை முட்டையும் மாவும் கரைத்த குழம்பில் கொதிக்கவிட்டு, மேலே ஈரலும் பன்றித்தோல் வறுவலும் போட்டுக் கொடுப்போம். அக்கா அடுப்படியில், நான் முன்பக்கம். இமோ மின்விசிறிக்குக் கீழே இருக்கும் மேசையில். கிராம சபையில் அவர் விளையாட்டுப் பொறுப்பு உறுப்பினர். அந்தப் பொறுப்பை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே நிறைவேற்றினார். வாய் துடைத்த காகிதத்தை உருட்டி, கையை வளைத்து, மூலையில் இருக்கும் குப்பைக்கூடையில் வீசிக் காட்டுவார். பாதி வெளியே விழும். நான் பொறுக்குவேன்.

ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகும் தலைக்கு மை பூசி, பின்பாக்கெட்டில் சீப்பு வைத்திருந்தார். மழைக்காலம் ஆரம்பித்த சமயம், ஒருநாள் காலை சீப்பை எடுக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனவர், "ஐயோ, அம்மா!" என்று அலறியதில், சாப்பிட்டுக்கொண்டிருந்த மீன்காரர்கள் அவருக்கு வாதம் அடித்துவிட்டது என்று எழுந்து ஓடிவந்தார்கள். வாதமும் இல்லை, ஒன்றும் இல்லை. தோள் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் கை மேலே போகவில்லை, பக்கவாட்டில் விரியவில்லை. சட்டை போட ஆள் வேண்டும். இரவில் அந்தப் பக்கம் புரண்டால் தெருவே எழுந்துகொள்ளும்.

வலி உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரு மனிதர் எப்படிச் சுமக்கிறார் என்று ஒன்று இருக்கிறது. அக்காதான் அவருக்குப் பித்தான் போட்டாள், செருப்பு வார் மாட்டினாள், மீனில் முள் எடுத்துக் கொடுத்தாள். முள் எடுக்கத் தோள் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. களைத்த கையில் தண்ணீர் பட்டால் நரம்பு சுண்டிவிடும் என்று சொல்லிக் குளிப்பதை நிறுத்தினார். தேர்தல் சமயத்தில் தன் படம் போட்டு அச்சடித்த துணியைக் கிழித்துத் தொட்டில் கட்டி, கையை அதில் கிடத்திக்கொண்டார். நெஞ்சின்மேல் அவர் கை, கைக்குக் கீழே அவருடைய சிரித்த முகம். அப்படியே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

காரணமே இல்லாமல் ஒரு நோய் வருவதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் ஒரு காரணத்தை உண்டாக்கினார்.

அந்தப் பழைய இறுதி ஆட்டத்தில் பக்கத்து ஊரான கலாக்காவின் அணியில் தேபான் என்று ஒருவர் ஆடினார். ஊரிலேயே உயரமானவர். இத்தனை வருஷமும் கதையில் தேபானுக்குப் பெரிய வேலை இல்லை, அவர் தலைக்கு மேலே இமோவின் பந்து போகும், அவ்வளவுதான். இப்போது தேபான் வளர ஆரம்பித்தார். முதல் வாரம் முழங்கையால் இடித்தார். அடுத்த வாரம் தள்ளிவிட்டார். மழை வலுப்பதற்குள் முழு உடம்போடு இமோவின் தோள்மீது வந்து விழுந்துவிட்டார்.

"மலை சாஞ்ச மாதிரி விழுந்தான். தோளுக்குள்ள 'டொக்'குன்னு ஒரு சத்தம். அப்ப இளரத்தம், தாங்கிடுச்சு. உள்ள இருந்த காயம் இப்பத்தான் வெளிய வருது" என்று மேசைக்கு மேசை சொன்னார்.

மீன்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் அதே கதையை மீன் ஏலக்களத்துக்குக் கொண்டுபோனார்கள்.

கடைசியில் அக்கா அவரைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனாள். நானும் போனேன், ஒருத்தி போதாது அவரைக் கூட்டிப்போக. இளம் பெண் மருத்துவர் அவர் முழங்கையை விலாவோடு வைத்துக்கொண்டு, முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். துருப்பிடித்த கதவு மாதிரி இறுகிக் கிடந்தது. படம் எடுக்க அனுப்பினார். எலும்பில் ஒன்றும் இல்லை. ரத்தத்தில் சர்க்கரைதான் எக்கச்சக்கம்.

"தோள் மூட்டைச் சுத்தி ஒரு பை மாதிரி சவ்வு இருக்கு. அது வீங்கி, தடிச்சு, சுருங்கிப்போச்சு. உங்க வயசுல வரும். சர்க்கரை இருந்தா இன்னும் அதிகமா வரும்" என்றார்.

"டாக்டர், முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆட்டத்துல தேபான்னு ஒருத்தன் மேல விழுந்து..."

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி விழுந்ததுக்கு இப்ப இது வராது."

"அவன் ரொம்பப் பெரிய ஆளு டாக்டர்."

"எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் வராது. இது மெதுவாத் தானா இளகும், வருஷம்கூட ஆகலாம். அதுவரைக்கும் கையைக் கட்டிப்போடாதீங்க. சர்க்கரையைக் குறைங்க. வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டுத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா அசைக்கணும். நான் சொல்லித்தரேன்." பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "உங்க வீட்டுலயே தெரிஞ்சவங்க இருக்காங்களே."

ஏனென்றால் அக்காவுக்கு இதே நோய் வந்து போயிருந்தது. இடது தோள். இமோ ஓட்டுக் கேட்டு வீடு வீடாக அலைந்த வருஷம். சமைக்கும்போது அவள் மேலே கட்டிக்கொள்ளும் துணியின் நாடாவைப் பின்னால் நான்தான் கட்டிவிடுவேன், தலைமுடியையும் நான்தான் வாருவேன். அவள் வலியை அவரிடம் சொன்னபோது, "கடையில வேலை செய்யறவளுக்கு வலிக்காம வேற யாருக்கு வலிக்கும்? காப்பி கொண்டா" என்றார். அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள், வலது கையால். இந்த நிலையத்துக்குத் தனியாக வந்து கற்றுக்கொண்டு, அடுப்படிச் சுவரில் விரலால் ஏறி ஏறி, இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் தன் தோளை மீட்டுக்கொண்டாள். வீட்டுக்காரர் கவனிக்கவில்லை.

மருத்துவர் சொல்லிக்கொடுத்ததை இமோ அவமானமாக எடுத்துக்கொண்டார்.

"கடிகாரத்து ஊசல் மாதிரி கையை ஆட்டணுமாம். சுவத்துல விரலாலே நடக்கணுமாம். நான் ஆட்டக்காரன்! வைத்தியம் கேட்டா, பாலர் வகுப்புப் பாட்டுச் சொல்லிக்குடுக்கறா" என்று வழியெல்லாம் புலம்பினார்.

அடுத்த வாரமே எங்களுக்குத் தெரியாமல், மலைப்பக்கத்தில் எலும்பு பிடிப்பவர் என்று பேர் வாங்கியிருந்த ஒருவரிடம் போனார். அந்த ஆள் கையை எண்ணெயில் ஊறவைத்து, "கண்ணை மூடுங்க" என்று சொல்லி, வெடுக்கென்று ஒரே இழுப்பாக மேலே இழுத்திருக்கிறார். கூடப்போன மூன்றுசக்கர வண்டிக்காரர் சொன்னது: அலறலைக் கேட்டு அந்த வீட்டுப் பன்றிகள் பட்டியை உடைத்துக்கொண்டு ஓடிவிட்டனவாம். இமோ திரும்பி வந்தபோது கை முன்பைவிட மோசம். பல வாரம் படுத்த படுக்கை. அசைக்கச் சொன்னாலே அழுவார். அக்கா ஒத்தடம் கொடுத்தாள், கைக்குக் கீழே தலையணை வைத்தாள், மாத்திரை கொடுத்தாள். சந்தையில் யாராவது விசாரித்தால், "இருக்காரு" என்று மட்டும் சொன்னாள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த நேரம், கடை வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். கூரைத் தகரத்துக்குக் கீழே குனிந்துதான் வரவேண்டியிருந்தது. வெள்ளைச் சட்டை, வெளுத்த தலை, கையில் வாழையிலை மூடிய கூடை. உள்ளே சூரை மீன்.

"குயா இமோ இருக்காரா? நான் தேபான். கலாக்காவுலேர்ந்து வரேன்."

இமோ அன்றுதான் மறுபடியும் மின்விசிறி மேசைக்கு வந்திருந்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று. அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்சம் ஆசையோடு.

தேபான் உட்காரவில்லை. "ஏலக்களத்துல சொன்னாங்க குயா. நான் உங்க மேல விழுந்து, அதனால இப்ப உங்க கை போயிடுச்சுன்னு. சத்தியமா எனக்கு ஞாபகமே இல்ல. ஒரு மனுஷனை முடமாக்கிட்டு ஞாபகம்கூட இல்லாம சாப்பிட்டுத் தூங்கியிருக்கேன், அதான் நெஞ்சை அறுக்குது. மன்னிச்சிடுங்க."

இமோ வாயைத் திறந்தார். அந்த ஒரு நொடியில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'அது சும்மா பேச்சு தேபான், உக்காரு, லோமி சாப்பிடு' என்றிருக்கலாம். யாரும் அவரைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள்.

அவர் கண்ணை மூடினார். இடது கையை எடுத்துத் தேபானின் மணிக்கட்டின்மேல் வைத்தார்.

"ஆட்டத்துல நடக்கறதுதான் தம்பி. நான் உன்னை எப்பவோ மன்னிச்சிட்டேன்."

பொய்யர்களைச் சந்தையில் தினமும் பார்க்கிறேன். நேற்றைய மீனை இன்று காலையில் பிடித்தது என்பார்கள், அதில் ஒரு பிழைப்பு இருக்கிறது. செய்யாத குற்றத்துக்கு ஒரு நல்ல மனிதரை மன்னித்து, அதில் தான் பெரிய மனிதராகிக் கண் கலங்கியவரை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன். தேபான் நிஜமாகவே அழுதார். மீன்கூடையை வைத்துவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அடுப்படி வாசலில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. கடையைச் சாத்திய பிறகு, மீனைப் புளிங்காய் போட்டு வேகவைத்து, அவர் முன் தட்டை வைத்தாள். முள் எடுத்துக் கொடுக்கவில்லை.

"சாப்பிடு. சாப்பிட்டுட்டுச் சுவரு பக்கத்துல வந்து நில்லு."

"எதுக்கு?"

"டாக்டர் சொன்னதைத் தினமும் செய்யப்போற. ஒரு நாள் விட்டாலும், ஞாயித்துக்கிழமை அந்த மனுஷன் வரும்போது நானே சொல்லிடுவேன்."

"என்னத்தைச் சொல்லுவ?"

"அந்த ஆட்டம் முழுக்க நீ பெஞ்சுல உக்காந்திருந்தேன்னு. ஒரு நிமிஷம்கூட உன்னை உள்ள இறக்கலன்னு."

எனக்கே அது தெரியாது. இமோ தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் மூணாவது வரிசையில இருந்தேன் இமோ. புதுப் பாவாடை கட்டிக்கிட்டு வந்திருந்தேன், உன் ஆட்டத்தைப் பாக்க. நீ எல்லாருக்கும் தண்ணி எடுத்துக் குடுத்த."

இத்தனை வருஷமும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே குழம்பு கிண்டியிருக்கிறாள் என் அக்கா. ஒருநாளும் முகம் மாறியதில்லை. கட்டிக்கொண்டவளுக்கு அது கருணையா, அலுப்பா என்று நான் கேட்டதில்லை. என்னைக் கேட்டால், கூடைப்பந்தைவிடத் தண்ணீர் கொடுத்ததுதான் அவர் செய்த உருப்படியான காரியம். அதையும் மறைத்துவிட்டார்.

அன்றிலிருந்து வைத்தியம் நடந்தது. காலை வியாபாரம் ஓய்ந்ததும், நூடுல்ஸ் வேகும் ஆவியில் துண்டைச் சூடாக்கி அக்கா அவர் தோளில் போர்த்துவாள். தோல் சிவந்து சதை இளகியதும், இடது கையை மேசையில் ஊன்றிக் குனியச் சொல்வாள். வலது கை தொங்கும், அது தானாக முன்னும் பின்னும் ஆடவேண்டும், பிறகு சின்ன வட்டம். அடுத்து சுவர். அதில் பதித்த ஓடுகளின்மேல் சிலந்தி மாதிரி இரண்டு விரலால் ஏறவேண்டும், எங்கே இழுக்கிறதோ அங்கே நின்று மூச்சு விடவேண்டும். பிறகு, முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து, துடைப்பக்கட்டையின் ஒரு முனையை வலது கையில் கொடுத்து, மறுமுனையை இடது கையால் தள்ளி முன்கையை வெளியே திருப்புவது. அதற்குத்தான் அதிகம் கத்துவார்.

"குத்துதா, இழுக்குதா?" என்பாள் அக்கா.

"சாகடிக்கிறடி!"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. குத்தினா நிறுத்தலாம். இழுத்தா நிறுத்தக் கூடாது."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "இழுக்குது" என்பார், திருடிப் பிடிபட்ட முகத்தோடு.

தொட்டில் துணி அடுப்புத் துடைக்கப் போயிற்று. சோற்றைக் குறைத்தாள், இனிப்புக் காப்பியை நிறுத்தினாள். அவர் ஏமாற்றப் பார்க்காத நாள் இல்லை. குதிகாலை உயர்த்தி எம்பி, கை மேலே போனதாகக் காட்டுவார். தோளைக் காதுவரை தூக்கி, முழங்கை ஏறியதாகக் கணக்குச் சொல்வார். நான் பின்னால் நின்று அவர் தோளை அழுத்திப் பிடிப்பேன். அந்த வேலையை நான் மிகவும் விரும்பிச் செய்தேன்.

ஞாயிறுதோறும் தேபான் வந்தார். மீன், சிலசமயம் சீத்தாப்பழம். இமோவின் கை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, ஒவ்வொரு ஓடு அதிகமானதற்கும் சிலுவை போட்டுக்கொள்வார். எனக்குத் தாங்கவில்லை.

"அந்த நல்ல மனுஷனை நாமளும் சேந்து ஏமாத்தறோமே ஆத்தே" என்று அக்காவிடம் சொன்னேன்.

"கை ஏறட்டும். இப்பச் சொன்னா இவரு மறுபடியும் போய்ப் படுத்துக்குவாரு, நான்தான் பித்தான் போடணும். ஏறினதும் நானே சொல்றேன்" என்றாள்.

அடுத்த மழைக்காலமும் வந்து பாதி போனது. வலி முதலில் விட்டது, இறுக்கம் மெதுவாக, கஞ்சத்தனமாக விட்டது. ஒரு ஞாயிறு, எங்கள் முன்னால், இமோ வலது கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சீப்பை எடுத்துத் தலை வாரினார். தேபான் கைதட்டினார்.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். "தேபான், உக்காருங்க. நீங்க இவரு மேல விழவே இல்ல. இவரு அன்னிக்கு ஆடவே இல்ல. இது சர்க்கரையால வந்த தோள்பிடிப்பு. எனக்கு ஆரம்பத்துலயே தெரியும், இவரை வழிக்குக் கொண்டுவர நானும் வாயை மூடிக்கிட்டேன். அதுக்கு நீங்க என்னைத் திட்டலாம்."

இமோ சீப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். தேபான் அக்காவைத் திட்டவில்லை. மெல்ல இமோ பக்கம் திரும்பினார்.

"குயா, ஒரு வருஷமா உங்களுக்காகக் கோயில்ல முட்டி போட்டேனே?"

ஒரு மனிதர் குறுகிப்போவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. இமோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஜெபம் வீண் போகாது தம்பி. பாரு, கை ஏறிடுச்சுல்ல?"

தேபான் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபம் இல்லை. வாங்கலாமா வேண்டாமா என்று மீனைப் புரட்டிப் பார்ப்பவர் பார்வை. பிறகு அக்காவிடம், "லோமி நல்லா இருக்கும் ஆத்தே. இவரு இல்லாத நாளாப் பாத்து வரேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வெளியே போனார். அப்படியே வருகிறார், செவ்வாய்க்கிழமை, இமோ சபைக் கூட்டத்துக்குப் போகும் நேரம்.

இமோ திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இப்போது அவர் தோள் நிபுணர். சந்தையில் யாருக்காவது கை பிடித்துக்கொண்டால், சுவர் பக்கம் நிறுத்தி, "ஆட்டக்காரங்க ரகசியம் இது" என்று ஆரம்பிக்கிறார். காய்கறிக்காரி ஒருத்திக்கு அதில் குணமும் ஆகிவிட்டது. சொல்கிறவர் யாராக இருந்தாலும் சரியான அசைவு சரியான அசைவுதான் போலிருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

கை ஏறிய மறுநாளே அக்கா பெரிய கரண்டியை அவரிடம் கொடுத்துவிட்டாள். தோள் மறுபடி இறுகாமல் இருக்கத் தினமும் வேலை வேண்டும் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னாள். மருத்துவர் அப்படிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. இப்போது அடுப்படியில் அவர் குழம்பு கிண்டுகிறார், அக்கா மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். பேச்சு வேகத்தில் கிண்டுவதை மறந்துவிடுவார், மாவு கட்டிகட்டியாகிவிடும். சாப்பிட வருகிறவர்கள் புகார் சொல்கிறார்கள். நான் அவர்களை நேராக உள்ளே அனுப்பிவிடுகிறேன்.